இரண்டாம் கியரில் போடிமெட்டு

கியர் சரியாக மாறியதா இல்லையா என்பதை வண்டி ஓட்டுகிறவரைவிடப் பின்னால் உட்கார்ந்திருப்பவரே முதலில் அறிகிறார். ஓட்டுகிறவரின் கைகள் கைப்பிடியைப் பற்றியிருக்கின்றன, முழங்கால்கள் பெட்ரோல் டேங்கை அணைத்திருக்கின்றன, அடுத்த நொடி என்ன நடக்கப்போகிறது என்பதும் அவருக்கு முன்பே தெரியும். ஒரு பக்கமாகக் கால் போட்டு, மடியில் ஒரு பையும் கையில் ஒரு தூக்குவாளியுமாகப் பின்னிருக்கையில் அமர்ந்திருக்கும் பெண்ணுக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. கியரைக் குறைத்துவிட்டுக் கிளட்ச்சைச் சட்டென்று விட்டால் அவருடைய தலை முன்னால் வந்து ஓட்டுகிறவரின் ஹெல்மெட்டில் இடிக்கும். கியரைக் கூட்டியபின் ஆக்ஸிலேட்டரை முறுக்கிக்கொண்டே கிளட்ச்சை விட்டால் அவர் பின்னோக்கிச் சாய்வார். ஓட்டுநர் பயிற்சியில் எத்தனையோ அளவுகோல்கள் உண்டென்றாலும், இதைவிட நேர்மையான ஒன்றை நான் பார்த்ததில்லை.

எங்கள் போடிநாயக்கனூர்ப் பகுதியில் இந்த அளவுகோலுக்கு அன்றாடம் வேலை இருக்கிறது. போடி, தேவாரம், கம்பம் பக்கத்து ஊர்களிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்குக் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்துக்குப் போகிறவர்கள் விடியுமுன்பே ஜீப்புகளில் ஏறிவிடுகிறார்கள். சொந்தமாக இருசக்கர வண்டி வைத்திருக்கும் சிலர் மனைவியையோ அக்காளையோ பின்னால் உட்காரவைத்து, முந்தல் வழியாகப் போடிமெட்டு ஏறி, பூப்பாறைக்கும் சாந்தன்பாறைக்கும் தாங்களே ஓட்டிப் போகிறார்கள். கொச்சியையும் மதுரையையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 85-இன் ஒரு துண்டுதான் இந்த மலைச்சாலை. அடிவாரத்திலிருந்து மேடு வரை 17 கொண்டை ஊசி வளைவுகளும், ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயர வேறுபாடும் இதில் இருக்கின்றன. போடியிலிருந்து தேனி போகும் சமதளச் சாலையில் கியர் மாற்றும் முறை எப்படியிருந்தாலும் வண்டி போய்ச் சேர்ந்துவிடும். மலை அப்படி விட்டுக்கொடுப்பதில்லை. ஓட்டுகிறவர் எஞ்சினைக் காதால் கேட்கிறாரா, வெறுமனே காலால் மிதித்துக்கொண்டிருக்கிறாரா என்பது மூன்றாவது வளைவுக்குள் தெரிந்துவிடும்.

இங்கே பெரும்பாலானவர்கள் முதலில் தொடுவது கியர் இல்லாத டிவிஎஸ் எக்ஸ்எல் வண்டியைத்தான். முறுக்கினால் போகும், விட்டால் நிற்கும். அதில் பழகிய கை மோட்டார் சைக்கிளுக்கு மாறும்போது ஒரு பழக்கத்தையும் கூடவே கொண்டுவருகிறது: வலது கையை வேகத்துக்கான கருவியாக மட்டுமே கருதும் பழக்கம். கியர் என்றால் காலின் வேலை, கிளட்ச் என்றால் இடது கையின் வேலை, ஆக்ஸிலேட்டர் என்றால் போவதற்கு என்று மூன்றையும் தனித்தனிப் பெட்டிகளில் போட்டுக்கொள்கிறார்கள். கற்றுக்கொடுக்கும் அண்ணன்மாரும் அப்படியே சொல்லிக்கொடுக்கிறார்கள்: “கிளட்ச்சைப் பிடி, கியரைப் போடு, கிளட்ச்சை விடு, ரேஸ் கொடு.” வண்டி நகரும் என்பது உண்மை. ஆனால் இந்த நான்கு கட்டளைகளிலும் விடுபட்டுப்போகிற ஒரு செய்தியில்தான் வழுக்கிக்கொண்டு மாறும் கியரின் சூட்சுமம் முழுவதும் இருக்கிறது. எங்கள் தெரு மெக்கானிக் அதை ஒரு வரியில் சொல்லுவார்: “கால் வேலை கால்வாசிதான் தம்பி, மிச்சம் பூரா வலது கைதான்.”

அவர் சொன்னதன் பொருள் புரிய, கியர்ப் பெட்டிக்குள் நடப்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். பலர் நினைப்பதுபோல, நாம் லீவரை மிதிக்கும்போது ஒரு பற்சக்கரம் நகர்ந்துபோய் இன்னொன்றின் பற்களோடு புதிதாகக் கோத்துக்கொள்வதில்லை. இன்றைய மோட்டார் சைக்கிள்களில் எல்லா ஜோடிப் பற்சக்கரங்களும் எப்போதும் ஒன்றோடொன்று கோத்தபடியேதான் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் எந்த ஜோடி தண்டோடு பூட்டப்படுகிறது என்பதுதான் மாறுகிறது. பற்சக்கரத்தின் பக்கவாட்டில் கட்டை விரல் கணுபோலத் தடித்த சில முட்டுகள் இருக்கும். மெக்கானிக்குகள் அவற்றை ‘டாக்’ என்பார்கள். லீவரை ஒருமுறை மிதித்தால் உள்ளே பள்ளம் வெட்டிய ஓர் உருளை ஒரு கட்டம் திரும்புகிறது; அந்தப் பள்ளத்தில் ஓடும் ‘ஃபோர்க்’ என்னும் கவை பற்சக்கரத்தைப் பக்கவாட்டில் தள்ளுகிறது; முட்டுகள் பக்கத்துச் சக்கரத்தின் குழிகளுக்குள் போய் விழுகின்றன. நம் காதில் விழும் ‘டக்’ என்னும் ஓசை அதுதான்.

இதிலிருந்து இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. முதலாவது, எஞ்சினின் இழுவை முழுவதும் அந்த முட்டுகளின் மேல் அழுந்திக்கொண்டிருக்கும்போது அவை குழியைவிட்டு எளிதில் வெளியே வரமாட்டா. அந்த அழுத்தத்தை ஒரு கணம் நீக்க வேண்டும். கிளட்ச்சைப் பிடித்தும் நீக்கலாம், ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று மூடியும் நீக்கலாம். அனுபவசாலிகள் சிலர் மேல் கியருக்குப் போகும்போது கிளட்ச்சைத் தொடாமலே மாற்றுவது இந்தக் காரணத்தால்தான் முடிகிறது. அது வித்தைதானே தவிர, பழகுகிறவருக்குத் தேவையான பாடம் அல்ல. இரண்டாவது, முட்டுகள் குழிக்குள் விழுவதற்குக் கால் பலம் தேவையில்லை. தயக்கமற்ற ஒரே மிதி போதும். மெதுவாக, அரைமனத்தோடு அழுத்தினால் முட்டுகள் முழுவதும் இறங்காமல் நுனியில் தொற்றிக்கொண்டு நிற்கும், ஆக்ஸிலேட்டரை முறுக்கியதும் ‘கடக்’ என்று வெளியே எகிறிவிடும். எந்தக் கியரிலும் இல்லாத அந்தப் பொய் நியூட்ரல், ஏற்றத்தில் வந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே, லீவரை மென்மையாக மிதிப்பதால் கியர் மென்மையாக மாறிவிடாது. மிதி உறுதியாகவே இருக்கட்டும். மென்மை வேறிடத்திலிருந்து வர வேண்டும்.

அந்த வேறிடம் எது என்பதைக் கணக்கிலேயே காட்டிவிடலாம். வண்டி மூன்றாம் கியரில் போய்க்கொண்டிருக்கிறது, எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் கியரின் விகிதம் மூன்றாவதைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதல் என்றால், வண்டியின் வேகம் மாறாமல் இரண்டாம் கியருக்கு வரும்போது எஞ்சின் 4000 சுற்றுக்கு வந்தாக வேண்டும். இப்போது பழகுகிறவர் என்ன செய்கிறார்? ஆக்ஸிலேட்டரை முழுவதும் மூடிவிட்டுக் கிளட்ச்சைப் பிடிக்கிறார். சுமையும் பெட்ரோலும் இல்லாத எஞ்சின் ஒரு நொடிக்குள் 1400 சுற்றளவுக்கு, அதாவது நின்ற நிலையில் ஓடும் வேகத்துக்கு, இறங்கிவிடுகிறது. லீவரை மிதிக்கிறார், கிளட்ச்சை விடுகிறார். 1400-இல் சோம்பிக் கிடக்கும் எஞ்சினை 4000-க்கு யாராவது தூக்கிவிட வேண்டும். வேறு யாரும் இல்லாததால் பின்சக்கரம் தூக்கிவிடுகிறது. அதற்கான ஆற்றலை வண்டியின் ஓட்டத்திலிருந்தே எடுத்துக்கொள்கிறது. வண்டி முக்கி நிற்பதும், பின்னிருக்கைத் தலை முன்னால் வந்து இடிப்பதும் இந்தக் கடன் ஒரே நொடியில் தீர்க்கப்படுவதால்தான்.

ஓடும் பேருந்தில் ஏறுகிறவர் நின்ற இடத்திலிருந்தே படியில் காலை வைப்பதில்லை; பேருந்தோடு நாலு எட்டு ஓடி, அதன் வேகத்துக்கு வந்தபிறகே கம்பியைப் பிடிக்கிறார். கிளட்ச் பிடித்திருக்கும் அந்த அரை நொடியில் ஆக்ஸிலேட்டரை இலேசாக ஒருமுறை முறுக்கி விடுவது எஞ்சினை அப்படி நாலு எட்டு ஓடவைப்பதுதான். எஞ்சின் 4000-ஐ நெருங்கியிருக்கும்போது கிளட்ச்சை விட்டால் எந்தப் பக்கமும் இழுப்பு இருக்காது. ஒலி மட்டும் ஒரு படி உயரும். பின்னால் இருப்பவர் பேச்சை நிறுத்தமாட்டார்.

மேல் கியருக்குப் போவது இதற்கு நேர்மாறானது, அதனாலேயே எளிதானது. இரண்டாவதில் 4000 சுற்றிலிருந்து மூன்றாவதுக்குப் போனால் எஞ்சின் 3000-க்கு இறங்கினால் போதும். இறங்குவதற்கு யாரும் உதவ வேண்டியதில்லை, ஆக்ஸிலேட்டரை மூடினாலே தானாக இறங்கும். இங்கே பிழை இரண்டு வகையில்தான் வரும். ஆக்ஸிலேட்டரை மூடாமல் கிளட்ச்சைப் பிடித்தால் எஞ்சின் அலறும், கிளட்ச்சை விட்டதும் வண்டி முன்னால் பாயும். மூடிய பிறகு நெடுநேரம் யோசித்துக்கொண்டிருந்தால் எஞ்சின் தேவைக்கும் கீழே விழுந்துவிடும், அதன் பிறகு கிளட்ச்சை விட்டால் ஒரு பின்னிழுப்பு வரும். ஆக்ஸிலேட்டர் மூடுவதும் கிளட்ச் பிடிப்பதும் ஒரே மூச்சில், மிதி அதைத் தொட்டுக்கொண்டே, கிளட்ச் விடுவதும் ஆக்ஸிலேட்டர் திறப்பதும் மறுபடி ஒரே மூச்சில் என்று பழகிவிட்டால் இது தீர்ந்தது. மேல் கியர் மாற்றத்தைப் பற்றி இதற்குமேல் எழுத எனக்கு எதுவும் இல்லை.

கிளட்ச்சைப் பற்றி எழுத இருக்கிறது. பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் கிளட்ச் தகடுகள் எஞ்சின் ஆயிலிலேயே மூழ்கிக் கிடக்கின்றன. அதனால் கொஞ்ச நேரம் வழுக்கவிட்டாலும் சூட்டை ஆயில் வாங்கிக்கொள்ளும். காரில் உள்ள உலர் கிளட்ச் அளவுக்கு உடனே கருகிவிடாது. ஆஃப் கிளட்ச்சில், அதாவது கிளட்ச்சைப் பாதி பிடித்தபடி, ஓட்டக்கூடாது என்று பெரியவர்கள் சொல்வதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, கிளட்ச்சைச் சுவிட்ச் மாதிரி பிடித்து விடுகிறவர்கள் உண்டு. அந்த அறிவுரை, ஏற்றத்தில் நிற்கும்போது பிரேக் பிடிக்காமல் ஆஃப் கிளட்ச்சிலேயே வண்டியைத் தாங்கி நிற்கிறவர்களுக்கும், இடது கை விரல்களை எந்நேரமும் லீவரின்மேல் அழுத்தி வைத்திருக்கிறவர்களுக்கும் சரியானது. கியர் மாற்றும் அரை நொடிக்கு அது பொருந்தாது. தகடுகள் பிடிக்கத் தொடங்கும் அந்தச் சிறு இடைவெளி எங்கே இருக்கிறது என்பதை இடது கை கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு ஒரே பயிற்சி போதும்: சமதளத்தில், ஆக்ஸிலேட்டரைத் தொடாமல், முதல் கியரில் கிளட்ச்சை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு வண்டியை நடைவேகத்தில் நகர்த்துவது. நூறு சிசி வண்டியும் இதற்கு இணங்கும். ஓட்டுநர் உரிமத் தேர்வில் எட்டுப் போடச் சொல்வதை வெறும் சடங்காக நினைக்கிறவர்கள் பலர். காலை ஊன்றாமல் எட்டுப் போட முடிகிறவருக்கு அந்த இடைவெளி பிடிபட்டுவிட்டது என்பதே அதன் பயன்.

கிளட்ச் கேபிளில் இருக்க வேண்டிய தளர்வும் முக்கியம். பல வண்டிகளுக்கு லீவரின் நுனியில் அளந்தால் 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை வெறும் அசைவு இருக்க வேண்டும். உங்கள் வண்டியின் கையேட்டில் சரியான அளவு போட்டிருப்பார்கள். தளர்வே இல்லையென்றால் தகடுகள் முழுவதும் அழுந்தாமல் ஏற்றத்தில் வழுக்கும். தளர்வு அதிகமென்றால் லீவரை முழுவதும் பிடித்தாலும் தகடுகள் பிரியாமல், முதல் கியர் போடும்போதே வண்டி துள்ளும், நின்ற இடத்தில் நியூட்ரல் கிடைக்காது. தன் கையைக் குறை சொல்லிக்கொண்டிருக்கும் எத்தனையோ பேருக்கு உண்மையில் குறை கேபிளில் இருக்கிறது. ஆயிலும் அப்படித்தான். மோட்டார் சைக்கிள் ஆயில் டப்பாவில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று அச்சிட்டிருப்பது, ஆயிலில் மூழ்கிய கிளட்ச்சுக்கு அது ஏற்றது என்பதற்கான குறி. உராய்வைக் குறைக்கும் சேர்மானங்கள் கலந்த கார் ஆயிலை விலை பார்த்து வாங்கி ஊற்றினால், எஞ்சின் அமைதியாக ஓடும், கிளட்ச் வழுக்கும்.

கியர் லீவரின் அமைப்பு வண்டிக்கு வண்டி மாறுவது இங்கே ஒரு தனிக் குழப்பம். ஸ்பிளெண்டர் போன்ற வண்டிகளில் நான்கு கியரும் முன்பக்கம் மிதித்தால் வரிசையாக விழும்; பின்பக்கம் குதிகாலால் மிதித்தால் குறையும். வேறு பல வண்டிகளில் முதல் கியர் மட்டும் கீழே, மற்றவை மேலே; நியூட்ரல் முதலுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் இருக்கும். ஒரே வீட்டில் அப்பாவுக்கு ஒன்றும் மகனுக்கு ஒன்றுமாக இரண்டு வகையும் நின்றால், அவசரத்தில் மாற்றி எடுத்துப் போகிறவர் கியரைக் கூட்ட நினைத்துக் குறைத்துவிடுவார். பழைய புல்லட்டை ஓட்டிய பெரியவர்களுக்கு இது புதிதல்ல: அதில் கியர் வலது காலிலும் பிரேக் இடது காலிலும் இருந்தன, முதல் கியர் மேலே, மற்றவை கீழே, நியூட்ரலுக்கென்று குதிகாலால் மிதிக்கத் தனியாக ஒரு சிறு லீவர்கூட உண்டு. பழைய எஸ்டி வண்டியில் இன்னொரு விசித்திரம், கியர் லீவரைத் தூக்கிப் பின்னால் திருப்பினால் அதுவே கிக்கர்; லீவரை அசைத்தாலே கிளட்ச்சும் தானாகப் பிரியும்.

கால் விரலால் லீவரைத் தூக்கிக் கியர் போடுவது ஷூ அணிகிறவர்களுக்காக வகுத்த முறை. செருப்புக் காலோடு தோட்டத்துக்குப் போகிறவருக்குக் குதிகால் மிதி உள்ள லீவர்தான் தோது. விரல் நகமும் பிழைக்கும், மிதியும் உறுதியாக இருக்கும். லீவரின் உயரம் காலுக்குப் பொருந்தாவிட்டால் பாதத்தையே தூக்கித்தான் மிதிக்க வேண்டியிருக்கும், அப்போது ஒவ்வொரு கியருக்கும் உடல் ஆடும். லீவரைத் தண்டிலிருந்து கழற்றி ஒரு பல் ஏற்றியோ இறக்கியோ மாட்டுவது மெக்கானிக்குக்கு ஐந்து நிமிட வேலை. பாதம் கால்மிதியில் பதிந்தபடியே கணுக்காலை மட்டும் அசைத்து மிதிக்க முடிந்தால் உயரம் சரி.

இனி ஏற்றம். முந்தல் சோதனைச்சாவடியைத் தாண்டியதும் சாலை நிமிரத் தொடங்குகிறது. சமதளத்தில் மேல் கியருக்குப் போகும் அரை நொடியில் வண்டியின் வேகம் அப்படியே இருக்கும். ஏற்றத்தில் அந்த அரை நொடிக்குள் வேகமும் இறங்கிவிடும். ஆகவே சமதளத்தில் மாற்றும் இடத்திலேயே இங்கும் மாற்றினால், மேல் கியர் விழும்போது எஞ்சினுக்கு மூச்சு இருக்காது. இன்னும் கொஞ்சம் சுற்ற விட்டு, பிறகு சமதளத்தைவிட விரைவாக மாற்ற வேண்டும். மாற்றிய பிறகு எஞ்சின் கனத்த குரலில் ‘டங் டங்’ என்று முக்கினால், அந்த மேல் கியரே தேவையில்லை என்று பொருள். பயண வண்டிகள் பலவற்றில் எஞ்சின் சுற்றைக் காட்டும் மீட்டர் கிடையாது என்பதால் காதுதான் மீட்டர். முக்கும் எஞ்சினை மேலும் முறுக்கி இழுக்க நினைப்பது, பெட்ரோல் மிச்சம் என்ற எண்ணத்தில் வருகிறது. உண்மையில் அங்கே எஞ்சின் சூடாகிறது, செயின் வெட்டி வெட்டி இழுபடுகிறது, பின்னால் இருப்பவருக்கு இடுப்பு வலிக்கிறது. ஏலக்காட்டு ஜீப் ஓட்டுகிறவர்களைக் கவனித்தால் தெரியும்: ஆள் நிறைய ஏற்றிய வண்டியை அவர்கள் இரண்டாவதிலேயே ஒரே குரலில் ஏற்றிக்கொண்டு போவார்கள், வளைவுக்கு வளைவு கியரோடு மல்லுக்கட்டுவதில்லை.

கொண்டை ஊசி வளைவுகள் எல்லாம் ஒன்றல்ல. நாம் இடது பக்கம் ஓட்டுவதால், ஏறும்போது வலப்புறம் திரும்பும் வளைவு நமக்கு வெளிவட்டமாக, அகலமாக, சாய்வு குறைவாகக் கிடைக்கும், இரண்டாவதிலேயே திரும்பிவிடலாம். இடப்புறம் திரும்பும் வளைவில் நாம் உள்வட்டத்தில் போகிறோம். அங்கே திருப்பம் இறுக்கம், சாய்வும் மிகச் செங்குத்து. இருவர் ஏறிய நூறு சிசி வண்டிக்குச் சில இடங்களில் முதல் கியரே தேவைப்படும். எதுவானாலும், வண்டி நேராக நிமிர்ந்திருக்கும்போதே, வளைவுக்கு முன்னால், கியரைக் குறைத்து முடித்துவிட வேண்டும். வளைவின் நடுவில், வண்டி சாய்ந்திருக்கும்போது கிளட்ச்சைப் பிடித்தால், சாய்ந்த வண்டியைத் தாங்கி இழுத்துக்கொண்டிருந்த பின்சக்கர விசை போய்விடுகிறது. வேகமும் இல்லாத அந்த இடத்தில் வண்டி உள்பக்கமாகச் சரியும். மலைச்சாலையில் ஏறும் வண்டிக்கே வழி என்பது சாலை விதிகளிலேயே இருக்கிறது. ஆனால் எதிரே இறங்கும் பேருந்து உள்வட்டத்தின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டு வரும்போது விதியைப் பேசிக்கொண்டிருக்க முடியாது. முன்பே சரியான கியரில் இருப்பவர் நின்று, ஆஃப் கிளட்ச்சில் மறுபடி கிளம்பிக்கொள்வார்.

இறக்கத்தைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் ஏற்றத்தில் கியர் தவறினால் வண்டி நிற்கும், இறக்கத்தில் தவறினால் நிற்காது. எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள் என்பது லாரிக்காரர்கள் காலங்காலமாகச் சொல்வது. ஆக்ஸிலேட்டரை மூடியபடி கியரில் இறங்கும்போது, பின்சக்கரம் எஞ்சினைச் சுழற்ற வேண்டியிருப்பதால் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது. கியர் எவ்வளவு கீழேயோ, பிடி அவ்வளவு பலம். இதைப் பயன்படுத்தாமல் பிரேக்கை மட்டும் நம்பி இறங்குகிறவரின் வண்டியில் 130 மில்லிமீட்டர் டிரம் பிரேக் இருந்தால், ஏழெட்டு வளைவுகளுக்குள் அது சூடேறி, மிதித்தாலும் பழையபடி பிடிக்காமல் போகும். சூடேறிய பிரேக்கின் வாடையைப் போடிமெட்டுச் சாலையில் இறங்கியிருக்கும் எவரும் அறிவார்.

பெட்ரோல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்குவது எங்கள் பக்கத்தில் ஒரு தொற்றுநோய். இதில் மிச்சம்கூட இல்லை என்பதுதான் வேடிக்கை. 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 விதி வந்தபின் பெட்ரோல் வண்டிகள் பெரும்பாலும் ஃபியூயல் இஞ்செக்‌ஷனுக்கு மாறிவிட்டன. அவற்றில் பலவும், கியரில் இருந்தபடி ஆக்ஸிலேட்டரை மூடி இறங்கும்போது எஞ்சினுக்குப் பெட்ரோல் போவதையே நிறுத்திவிடுகின்றன. சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றுகிறது. நியூட்ரலில் விட்டாலோ எஞ்சின் அணைந்துவிடாமல் இருக்கப் பெட்ரோல் போய்க்கொண்டே இருக்கும். மிச்சம் ஒரு பக்கம் இருக்கட்டும், ஆபத்தைப் பாருங்கள். நியூட்ரலில் 50 கிலோமீட்டர் வேகம் ஏறிவிட்ட வண்டியை மறுபடி கியருக்குக் கொண்டுவர வேண்டுமென்றால், எல்லாம் முன்மிதி வகை லீவரில் நியூட்ரலுக்கு அடுத்து விழுவது முதல் கியர். அந்த வேகத்தில் முதல் கியர் விழுந்து கிளட்ச்சை விட்டால் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். மற்ற வகையிலும் கிடைப்பது முதலாவதோ இரண்டாவதோதான். நேராக மூன்றாவதுக்குப் போக வழியில்லை.

சரியாக இறங்குவதற்கு முதலில் பிரேக்கால் வேகத்தைக் குறைத்து, பிறகு கியரைக் குறைக்க வேண்டும். கியரைக் குறைத்து அதன் பிடியால் வேகத்தைக் குறைக்க நினைப்பது எஞ்சினையும் பின்சக்கரத்தையும் சண்டைக்கு விடுவது. வேகம் குறைந்ததும் கிளட்ச், வலது கையில் ஒரு சிறு முறுக்கு, ஒரு மிதி, கிளட்ச் விடுதல். இரண்டு கியர் குறைக்க வேண்டுமென்றால் இரண்டு முறை தனித்தனியாக. வலது கை ஒரே நேரத்தில் முன்பிரேக்கையும் பிடித்து ஆக்ஸிலேட்டரையும் முறுக்குவது பழகுகிறவருக்குக் கடினம்; அப்படிச் செய்யப்போய் பிரேக் பிடி மாறினால் இலாபத்தைவிட நட்டம் அதிகம். அவர்களுக்கு நான் சொல்வது, முறுக்கை விட்டுவிடுங்கள், கிளட்ச்சை மட்டும் நிதானமாக, அந்தப் பிடிக்கும் இடத்தில் ஒரு கணம் தங்கி விடுங்கள். தகடு கொஞ்சம் தேயும், தேயட்டும். வலது கை பக்குவப்பட்டபின் முறுக்கைச் சேர்த்துக்கொள்ளலாம். விலை உயர்ந்த வண்டிகளில் வரும் ஸ்லிப்பர் கிளட்ச், பின்சக்கரம் எஞ்சினை அளவுக்குமேல் தள்ளும்போது தானாகவே வழுக்கிக்கொடுத்து இதே வேலையைச் செய்கிறது. அதை நம்பி மட்டும் பழகியவர் அது இல்லாத அண்ணன் வண்டியை எடுத்துக்கொண்டு மலைக்கு வந்தால் தடுமாறுவார்.

ஏலக்காய் எடுப்புத் தொடங்கும் மழைமாதங்களில் இந்த நிதானத்துக்கு மதிப்பு இன்னும் கூடுகிறது. ஈரச்சாலையில், சருகின்மேல், கியர் குறைத்துக் கிளட்ச்சைச் சட்டென்று விட்டால் பின்சக்கரம் ஒரு நொடி பூட்டிக்கொண்டு பக்கவாட்டில் ஓடும். காய்ந்த தரையில் வெறும் ஹெல்மெட் இடியாக முடிந்திருக்கும் பிழை இது. பூப்பாறைக்கும் மூணாறுக்கும் இடையிலான சாலை அகலப்பட்டபின் அங்கே நான்காம் கியர்வரை போகிற வேகம் கைக்கு வந்துவிடுகிறது, அந்தப் பழக்கத்தோடு போடிமெட்டுக்கு வந்து பழைய வளைவுகளில் இறங்கும்போது கியர்களை ஒன்றன்பின் ஒன்றாக அவசரமாக உதறுகிறார்கள். ஆர்எக்ஸ் 100 வைத்திருக்கும் சிலர் இன்னும் இந்த மலையில் உண்டு. அவர்கள் கணக்கு தனி. அந்த டூ ஸ்ட்ரோக் எஞ்சினில், இறக்கத்தில் எஞ்சினே வண்டியைப் பிடிக்கும் அந்தப் பிடி மிகக் குறைவு. அதோடு, அதில் உராய்வைத் தணிக்கும் ஆயிலின் அளவும் ஆக்ஸிலேட்டரைப் பொறுத்தது என்பதால், நீண்ட இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரை மூடியே வராமல் இடையிடையே கொஞ்சம் திறந்து விடுவார்கள்.

மேட்டில் பனி விழும் காலையில் வண்டியை எடுத்ததும் முதல் கியர் ‘டங்’ என்று அதிர்ந்து விழுவதற்குப் பயப்பட வேண்டாம். குளிர்ந்து தடித்த ஆயிலில் கிளட்ச் தகடுகள் ஒட்டிக்கொண்டு, லீவரைப் பிடித்தாலும் சற்றே சேர்ந்து சுற்றுகின்றன. எஞ்சினை ஒன்றிரண்டு நிமிடம் ஓடவிட்டு, கிளட்ச்சைப் பிடித்தபடி கொஞ்சம் பொறுத்துப் போட்டால் அதிர்வு குறையும். எல்லாம் சரியாகச் செய்தும் ஒவ்வொரு கியருக்கும் ஒரு வெட்டு வருகிறதென்றால், செயின் தொங்குகிறதா என்று பாருங்கள். தொங்கும் செயின் முதலில் காலியான தொய்வை இழுத்து முடித்தபிறகே சக்கரத்தை இழுக்கும், அந்த இடைவெளி ஒவ்வொரு முறையும் ஒரு அடியாக முதுகில் விழும்.

மாலையில் முந்தலுக்கு இறங்கி வரும்போது, வேலை முடிந்து திரும்பும் ஜீப்புகளெல்லாம் சோதனைச்சாவடிக்கு முன்னால் வரிசையில் நிற்கும். அங்கே அவசரமாகப் பிரேக் பிடித்து மூன்றாம் கியரிலேயே நின்றுவிட்டால், நின்ற வண்டியில் லீவரை எவ்வளவு மிதித்தாலும் கியர் இறங்க மறுக்கும், ஏனென்றால் தண்டுகள் சுற்றாதபோது முட்டுகள் குழிகளுக்கு நேராக வருவதில்லை. மறுபடி மறுபடி உதைப்பதால் ஃபோர்க் வளையுமே தவிரக் கியர் விழாது. நிற்பதற்கு முன்பே, வண்டி இன்னும் உருண்டுகொண்டிருக்கும்போது, ஒவ்வொன்றாகக் குறைத்து வந்துவிடுவதே வழி. முடியாமல் போனால், கிளட்ச்சை இலேசாகப் பிடிக்கும் இடம்வரை விட்டு உடனே பிடியுங்கள், அல்லது காலால் தரையை உந்தி வண்டியை ஒரு சாண் முன்னும் பின்னும் உருட்டுங்கள். உருளும்போதே மிதித்தால் ஒவ்வொன்றாக இறங்கும்.